செலவழுங்கல்: தங்குதலும் ஒரு முடிவே

முன்னுரை

பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவதா, பொருளும் கல்வியும் கருதி வேற்று நாட்டிற்குச் சென்றுவிடுவதா என்னும் வினா இன்றைய குடும்பங்களில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். இவ்வினாவைத் தமிழிலக்கியத்தோடு இயைத்துக் காட்ட முனையும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு சான்றுகளோடு நின்றுவிடுகின்றன. ஒன்று, கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டு (192). மற்றொன்று, பாலைத்திணைக்குரிய பொருள்வயிற் பிரிவு. முன்னது எவ்வூரும் நம்மூரே என்னும் துணிவைத் தருவதாகவும், பின்னது பொருளீட்டச் செல்லுதல் ஆடவர் கடன் என உணர்த்துவதாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, பெயர்ந்து வாழ்தலே தமிழர் மரபு என முடிவு கட்டுவதும் வழக்கமாகியுள்ளது.

இம்முடிவு மறு ஆய்வுக்கு உரியது. பூங்குன்றனார் பாட்டில் முடிவெடுப்போர் எவரும் இலர். மலையினின்று இழியும் பேராற்றின் போக்கில் செல்லும் தெப்பம் போல உயிரும் முறைவழிச் செல்லும் என்பதே அப்பாட்டின் நடுக்கருத்து. தெப்பம் செல்கிறது, ஆயின், செல்வதா தங்குவதா என அது எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே ஊரைவிட்டுச் செல்லத் துணிந்தோர்க்கு அப்பாட்டு ஆறுதல் தரலாம். முடிவெடுக்க முயல்வோர்க்கு வழி காட்டாது.

முடிவெடுத்தலையே பொருளாகக் கொண்ட துறை ஒன்று அக இலக்கியத்தில் உண்டு. அதுவே செலவழுங்கல். பொருள்தேடச் செல்லக் கருதிய தலைவன் செல்வதா ஒழிவதா எனத் தன் நெஞ்சோடு உசாவுவதும், செலவைத் தவிர்வதும் இத்துறையின்பாற்படும். இத்துறைப் பாட்டுகளின் மொழியமைப்பை ஆராய்ந்து, தங்குதலும் செல்லுதலைப் போலவே எண்ணி எடுக்கப்படும் ஒரு முடிவாகச் சான்றோரால் பாடப்பட்டுள்ளது என்பதையும், இதனை மறந்தமையால் இன்றைய புலம்பெயர் இலக்கியத் திறனாய்வு அடைந்துள்ள குறையையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கண விதியும் அதன் எல்லையும்

அழுங்கு என்னும் வினையடி வருந்துதல், தவிர்தல் ஆகிய இரு பொருள்களையும் தருவது. செல்ல இயலாது வருந்துதலும் செல்லாது தவிர்தலும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதால், செலவழுங்கல் என்னும் தொடரே துறையின் இருமையைக் காட்டிவிடுகிறது எனலாம்.

தொல்காப்பியர் கற்பியலில் இதற்கு ஒரு வரையறை தருகிறார். செலவின்கண் தலைவன் அழுங்குவது செல்லாமை ஆகாது. தலைவியை வற்புறுத்தி ஆற்றுவித்தல் வேண்டிச் சிறிது காலம் தவிர்வதே ஆகும் என்பது அந்நூற்பாவின் கருத்து. இதனை அடியாகக் கொண்டு, செலவழுங்கல் பாட்டு எதுவாயினும் அதில் வரும் தலைவன் எப்படியும் செல்லப்போகிறவனே எனக் கொள்ளும் போக்கு வளர்ந்துள்ளது. அவ்வாறு கொள்ளின், தலைவன் தன் நெஞ்சோடு நிகழ்த்தும் வாதம் முழுவதும் முன்னரே முடிவு செய்யப்பட்ட ஒன்றிற்குச் செய்யும் ஒப்பனையாகச் சுருங்கிவிடும்.

நூற்பாவின் அமைப்பு இதற்கு இடந்தருகிறதா என்பது நோக்கத்தக்கது. எதிர்மறைக் கூற்று, கேட்போர் உடன்பாடாகக் கொண்டிருக்கக்கூடிய ஒரு கருத்தை மறுக்கும்போதே பயனுடையதாகும். மழை பெய்யாத ஊரில் இன்று மழை இல்லை என எவரும் கூறார். அதுபோல, செல்லாமை அன்று என ஓர் இலக்கண ஆசிரியர் விலக்கிக் கூறுகிறார் எனின், செல்லாமையே எனக் கருதுவதற்குப் பாட்டுகளில் இடமிருந்தது என்பதே பெறப்படும். நூற்பா ஒரு வகைத் தவிர்ச்சியை விளக்குகிறது. பாட்டுகள் அனைத்தையும் அது கட்டுப்படுத்தும் எனக் கொள்ளல் வேண்டுவதின்று.

அதே கற்பியல் பிரிவுக்குக் கால எல்லையும் வகுக்கிறது. கல்விக்குரிய பிரிவு 3 ஆண்டைக் கடவாது. வேந்தன் பொருட்டுச் செய்யும் தொழிலுக்குரிய பிரிவு ஓராண்டிற்கு உட்பட்டது. ஏனைப் பிரிவும் அவ்வாறே. ஆகவே அகத்திணை கூறும் பிரிவு என்பது மீட்சியைத் தன்னுள் அடக்கியதொரு பிரிவு. இன்று நாம் புலம்பெயர்தல் எனக் குறிக்கும் செயலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. இதனைப் பின்னர்க் காண்போம்.

2. பாட்டுகள் காட்டும் முடிவு

இனிப் பாட்டுகளுக்கு வருவோம். சிறைக்குடி ஆந்தையாரின் நற்றிணைப் பாட்டு (16) இத்துறைக்குத் தலைசிறந்த சான்று. தலைவியோடு கூடியிருப்பின் பொருள் கூடாது; பொருளின் பொருட்டுப் பிரியின் கூட்டம் கூடாது என்னும் இரண்டு நிபந்தனைத் தொடர்கள் அதில் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டிலும் வினைச்சொல் ஒன்றே. புணர் என்னும் அடியே மனைவியோடு சேர்தலுக்கும் பொருள் வந்து சேர்தலுக்கும் பயன்படுகிறது. இருவகைப் பேறுகளையும் ஒரே வினையால் கூறுவதன் வழிப் புலவர் அவற்றை ஒரே துலாக்கோலில் ஏற்றிவிடுகிறார். பின்னர், சென்றாலும் செல்லாவிடினும் நல்லதற்கு உரிய நெஞ்சே எனத் தலைவன் கூறுமிடத்தில் இருவழியும் உம்மை பெற்ற தொடர்களாகச் சமநிலையில் நிற்கின்றன. இதுவரை முடிவு இல்லை. அதன்பின்னரே, பொய்கையில் ஓடும் மீனின் வழித்தடம் போலப் பொருள் அழிவது என்றும், கடல்சூழ் உலகையே அளவு கருவியாகக் கொண்டு எழுமுறை அளக்கத்தக்க பெருநிதி கிடைப்பினும் தலைவியின் நோக்கிற்கு அது ஈடன்று என்றும் கூறி, பொருளை வாழ்த்தி விடைகொடுக்கிறான். பாட்டு வியங்கோளில் முடிகிறது. இங்கே வியங்கோள் முடிவை அறிவிப்பதோடு அமையவில்லை, முடிவைச் செய்தும்விடுகிறது.

உகாய்க்குடி கிழாரின் குறுந்தொகைப் பாட்டு (63) இதற்கு மாறானது. ஈகையும் நுகர்வும் பொருளில்லாதார்க்கு இல்லை என்னும் வாதத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டே தலைவன் நெஞ்சை வினவுகிறான்: அச்செயலுக்கு அவளும் உடன்வருவாளோ, என்னை மட்டும் செலுத்துவாயோ? பாட்டு வினாவோடு நின்றுவிடுகிறது. விடை தரப்படவில்லை. வறுமையை எளிதாக ஒதுக்கிவிடும் பாட்டன்று இது. செல்வதற்குரிய காரணம் உண்மையானது என்பதை ஒப்புக்கொள்ளும் பாட்டு. ஆந்தையார் பாட்டில் முடிவு உண்டு, உகாய்க்குடி கிழார் பாட்டில் முடிவு இல்லை என்பதே துறையின் உள்ளே இருவகை இருந்தமைக்குப் போதிய சான்றாகும்.

மூன்றாவது, பாலை பாடிய பெருங்கடுங்கோவின் அகப்பாட்டு (5). தலைவன் செல்லக் கருதியதை அறிந்த தலைவி ஒன்றும் பேசவில்லை. முகத்தாலேயே உரைக்கிறாள். மார்பில் அணைத்த புதல்வனின் தலையிற் சூட்டிய மாலையை மோந்து அவள் விட்ட பெருமூச்சால் மலர்கள் நிறம் இழக்கின்றன. அத்தோற்றத்தைக் கண்டே செலவைக் கைவிட்டதாகத் தலைவன் கூறுகிறான். இங்கே புலவர் ஆளும் சொல் அழுங்குதல் அன்று, கடிதல். கடிந்தனம் என்பது இறந்தகாலத் தன்மைப் பன்மை வினைமுற்று. ஒன்றை நீக்கிவிட்டதைக் கூறும் வினை அது, ஒத்திவைத்ததைக் கூறுவதன்று. அருகில் இருக்கும்போதே இவ்வாறு வருந்துபவள் பிரிந்தால் உயிர்வாழாள் என அவன் காரணமும் கூறுகிறான். இதனையும் சிறிது காலத் தவிர்ச்சி எனக் கொள்வதற்குப் பாட்டினுள் அகச்சான்று எதுவும் இல்லை.

இதே புலவரின் குறுந்தொகைப் பாட்டு (135) அடைந்த நிலை எண்ணத்தக்கது. ஆடவர்க்கு வினையே உயிர், மனையுறையும் மகளிர்க்கு ஆடவரே உயிர் என்னும் கருத்து அப்பாட்டில் வருகிறது. சங்ககாலச் சமுதாயத்தின் கொள்கைப் பறையாக இது மேடைகளிலும் நூல்களிலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் பாட்டில் இக்கருத்து என என்னும் இடைச்சொல்லால் தழுவப்பட்ட பிறர் கூற்று. அவ்வாறு நமக்கு உரைத்தவரும் அவரே அல்லவா, ஆதலின் அழாதே, அவர் செலவைத் தவிர்வார் என்று தோழி தலைவியிடம் கூறுகிறாள். அஃதாவது, செல்லுதற்குச் சான்றாக நாம் காட்டும் கூற்றைத் தோழி தங்குதற்குச் சான்றாகக் காட்டுகிறாள். மேற்கோள் தொடரைத் தழுவும் வினையினின்று வெட்டி எடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

3. பட்டினப்பாலையில் ஒரு வினைமுற்று

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளால் ஆயது. அதில் அகப்பொருள் கூறும் அடிகள் ஏறத்தாழ ஆறே. ஏனையவை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலன் வெற்றியையும் விரிப்பன. ஆதலின் அகப்பொருள் இங்குப் புரவலனைப் பாடுதற்குரிய ஒரு சாக்கு மட்டுமே என்னும் கருத்து உண்டு. இக்கருத்தை முற்றிலும் மறுக்க இயலாது. எனினும், அகப்பகுதி வந்து பொருந்தும் இடம் ஆராயத்தக்கது.

விழா நடக்கும் பழைய ஊரில் சுற்றத்தார் பலர் வந்து கூடுவது போல, மொழி பலவாகப் பெருகிய நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்த மக்கள் ஒன்றுகலந்து இனிது உறையும் நகரம் எனப் பட்டினத்தைப் புனைந்துரைத்து முடித்த அந்த இடத்திலேயே, அத்தகைய பட்டினமே கிடைப்பினும் தலைவி இங்கே ஒழிய நான் வாரேன் என்கிறான் தலைவன். இன்று பெருவழக்காகியுள்ள புலம்பெயர் என்னும் சொல்லாட்சி இவ்விடத்தில்தான் நிற்கிறது. பெயர்ந்து வந்தோர் இனிது வாழ்கின்றனர் என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொண்ட பின்னரே, தான் பெயரப்போவதில்லை எனத் தலைவன் கூறுகிறான் என்பது கருதத்தக்கது. வேற்றூர் தீயது என்பதால் அவன் தங்கவில்லை. அவ்வூர் நல்லது என அறிந்தே தங்குகிறான்.

வாரேன் என்னும் வினைமுற்று இன்னும் நுணுகி நோக்கற்குரியது. செல்லேன் என்பதே ஈண்டு எதிர்பார்க்கப்படும் சொல். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என வரையறுக்கிறார். வா என்னும் வினை பேசுவோன் அல்லது கேட்போன் இருக்கும் இடத்தை இலக்காகக் கொள்வது என இன்றைய மொழியியலார் இதனை விளக்குவர். உங்கள் வீட்டிற்கு நாளை வருகிறேன் என இன்றும் நாம் கூறுவது இம்முறையாலேயே. தலைவன் தன் நெஞ்சை விளித்து வாரேன் என்கிறான் எனின், முன்னிலையாகிய நெஞ்சு முன்னரே அவ்வழியிற் புறப்பட்டுவிட்டது. உடன் வருமாறு அழைக்கிறது. அவன் மறுக்கிறான் என்பது பொருளாகும். செல்லேன் எனக் கூறியிருப்பின் ஒருவன் முடிவு மட்டுமே புலனாகும். வாரேன் என்றமையால், ஒருவனுக்குள் சென்றுவிட்ட ஒன்றும் தங்கிவிட்ட ஒன்றுமாக இரண்டு இருப்பது புலனாகிறது. ஊரில் தங்க முடிவெடுத்தோர் பலர் பிற்காலத்தும் உணரும் நிலை இது. தங்கியபின்னும் நெஞ்சின் ஒரு பகுதி சென்றுகொண்டேயிருக்கும்.

4. தங்குவோரின் சூழ்ச்சி

சூழ்ச்சி என்னும் சொல் இன்று வஞ்சகத்தையே குறிப்பதாயினும், பண்டு எண்ணித் துணிதலைக் குறித்தது. செல்வோர் மட்டுமே சூழ்ந்தனரா, தங்குவோரும் சூழ்ந்தனரா?

ஒளவையாரின் குறுந்தொகைப் பாட்டு (43) இதற்கு விடை தருகிறது. அவர் செல்லமாட்டார் என எண்ணி நான் சோர்ந்திருந்தேன். இவள் உடன்படமாட்டாள் என எண்ணி அவர் சொல்லாது சோர்ந்திருந்தார் எனத் தலைவி கூறுகிறாள். இரண்டு தொடர்களும் ஒரே அமைப்பின. ஒவ்வொன்றிலும் மற்றவரைப் பற்றிய எதிர்மறைக் கணிப்பு ஒன்று என்று என்னும் சொல்லால் தழுவப்பட்டு நிற்கிறது. முதன்மை வினையும் இரண்டிற்கும் ஒன்றே. இருவரும் எண்ணினர், இருவரும் பேசவில்லை. இந்நிலையை இருவேறு பேராண்மைகளின் பூசல் எனத் தலைவி குறிப்பது சிறப்பு. ஆண்மை என்பதை ஆளும் தன்மை எனக் கொண்டு தனக்கும் அதனை உரியதாக்குகிறாள். தங்குபவள் இங்கே முடிவுக்கு ஆட்படும் பொருளாக நில்லாமல் முடிவின் ஒரு தரப்பாக நிற்கிறாள். பிரிவுத்துயரைவிட, பேசப்படாது போன முடிவே அவளைக் கொல்கிறது.

பாலைக்கலியின் 35 பாட்டுகளிற் பல, தோழி தலைவனைத் தடுத்து வாதிடும் பாங்கில் அமைந்தவை. ஓர் ஆடையை இரு கூறாக்கி உடுக்கும் வறுமையே வரினும் ஒன்றியிருப்போர் வாழ்க்கையே வாழ்க்கை, கழிந்த இளமையை மீட்டல் அரிது என்பது அவற்றுள் ஒன்றில் (கலித்தொகை 18) வரும் வாதம். இவ்வாதத்தை முழுவதும் ஏற்க வேண்டுவதில்லை. வறுமையை நுகர்ந்தோர்க்கு அது எளிதாகத் தோன்றாது. உகாய்க்குடி கிழார் பாட்டின் நெஞ்சு இதனை மறுக்கும். ஆயினும் வாதம் நிகழ்ந்தது, இரு தரப்பும் பேசப்பட்டது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இதற்கு மறுதலையாகச் சிலப்பதிகாரத்தை நோக்கலாம். பொருளிழந்து வந்த கோவலன் மதுரைக்குச் செல்வதென ஓர் இரவிலேயே துணிகிறான். வைகறையில் இருவரும் புகாரை நீங்குகின்றனர். செலவழுங்கல் இல்லை, உசாவுதல் இல்லை. கொலைக்களக் காதையில் அவனே, நான் எழுக என்றவுடன் எழுந்துவிட்டாயே எனக் கண்ணகியிடம் இரங்கிக் கூறுகிறான். அவள் மறுத்துப் பேசியிருக்கலாகாதா என்னும் ஏக்கம் அக்கூற்றில் உள்ளது. உசாவாது ஒருவர் எடுத்த முடிவின் சுமை பின்னர் அவர் ஒருவர்மேலேயே விழுகிறது.

5. மொழிபெயர் தேயம்

சங்கப் பாட்டுகள் வேற்று நாட்டை மொழிபெயர் தேயம் எனக் குறிக்கின்றன. மாமூலனார் பாட்டுகளில் இவ்வாட்சி மிகுதி. அரசனின் எல்லையோ மலையோ ஆறோ மட்டும் வேற்று நாட்டை வரையறுப்பதில்லை. மொழி மாறும் இடமே வேற்று நாட்டின் தொடக்கம். அவருடைய குறுந்தொகைப் பாட்டில் (11) வடுகர் முனைக்கும் கட்டியின் நாட்டிற்கும் அப்பால் மொழி வேறுபட்ட நாட்டில் அவர் இருப்பினும் அங்கே செல்லச் சூழ்ந்தேன் எனத் தலைவி தன் நெஞ்சிடம் கூறுகிறாள். சூழ் என்னும் வினை இங்கே தலைவிக்கு உரியதாக வந்துள்ளது. கடல் வழக்கம் மகளிரோடு இல்லை என அகத்திணையியல் நூற்பாவுக்குப் பொருள் கொள்வோர் உண்டு. அந்நூற்பாவிலுள்ள சொல்லை மூவகைப் பிரிவெனக் கொள்வோரும் உண்டு. எப்படியாயினும், செல்லுதலைப் பற்றி எண்ணும் உரிமை மகளிர்க்கு மறுக்கப்படவில்லை என்பதை மாமூலனார் பாட்டு காட்டுகிறது.

மொழியை எல்லையாகக் கொள்ளும் இவ்வரையறை இன்றும் பயன் தரக்கூடியது. வெளிநாடு எனின் கடவுச்சீட்டு வேண்டும் நாடு என நாம் கொள்கிறோம். மதுரையிலிருந்து புதுதில்லிக்கோ மும்பைக்கோ பெயர்வது உள்நாட்டு மாற்றம். சிங்கப்பூருக்குப் பெயர்வது வெளிநாட்டுச் செலவு. ஆனால் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக அது கற்பிக்கப்படுகிறது. மும்பையிலோ புதுதில்லியிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்கு அவ்வாய்ப்பு மிக அரிது. மொழிவழி நோக்கின் முன்னவையே மொழிபெயர் தேயங்கள். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபின், இந்தியாவிற்குள் ஓர் எல்லையைக் கடப்பதே மொழியைக் கடப்பதாக அமைந்துள்ளது.

தங்குவதா செல்வதா எனச் சூழ்வோர் ஊதியம், வீடு, பெற்றோர் நலம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். மொழி அக்கணக்கில் இறுதியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. செல்வோர்க்கு மொழி இழப்பு ஏற்படுவதில்லை என்பதே இதற்குக் காரணம். அவர்கள் தம் மொழியை உடன் கொண்டு செல்கின்றனர். இழப்பு அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. பெற்றோர் பேசக் கேட்டுப் பொருள் உணர்ந்தும் மறுமொழியை வேற்று மொழியில் கூறும் நிலை முதலில் வரும். பெயரர் தலைமுறையில் கேட்டுணர்தலும் குன்றும். முடிவெடுப்போர் ஒருவராகவும் அதன் விலையைக் கொடுப்போர் வேறொருவராகவும் இருக்கும் இந்நிலையைக் குறிக்க அகமரபில் துறை இல்லை. அகப்பாட்டில் புதல்வன் தாயின் மார்பில் ஒடுங்கியிருக்கிறான்; பேசுவதில்லை.

6. தவணையுள்ள பிரிவும் தவணையற்ற பெயர்வும்

மீட்சியை உட்கொண்ட பிரிவு சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை. செட்டிநாட்டு வணிகர் பர்மா, மலாயா, சுமத்திரா முதலிய இடங்களில் நடத்திய கடைகளுக்கு ஊரிலிருந்து ஆட்கள் 3 ஆண்டுத் தவணையில் சென்று மீண்டனர். மனைவியும் மக்களும் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். கல்விப் பிரிவுக்குத் தொல்காப்பியர் கூறிய கால அளவும் இத்தவணையும் ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் பிரிவை மீட்சியோடு பிணைக்கும் சமுதாய ஏற்பாடு இரண்டிற்கும் பொது.

1942ஆம் ஆண்டு சப்பானியப் படைகள் தென்கிழக்காசியாவைக் கைப்பற்றியபோது இத்தவணை அறுந்தது. கடல்வழி அடைபட்டது. சென்றோர் மீள இயலாதோராயினர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இந்நிலையைக் களமாகக் கொண்டது. மெடானிலும் பினாங்கிலும் அலையும் அந்நாவலின் மாந்தர் மதுரைத் தெருக்களை நினைவில் நடந்து பார்ப்பது வெறும் ஊர்ப்பற்று அன்று. மீளும் நாள் குறிக்கப்பட்டிருந்தவரை ஊர் ஒரு காலத்தொலைவாக இருந்தது. நாள் அழிந்தபின் அது இடத்தொலைவாக மாறிவிட்டது. பிரிவு பெயர்வாக மாறும் கணத்தைத் தமிழ் நாவலில் பதிவு செய்த படைப்பு என அதனைக் கருதலாம்.

1983ஆம் ஆண்டு சூலை வன்செயல்களுக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்தம் எழுத்துகளைக் குறிக்கவே புலம்பெயர் இலக்கியம் என்னும் தொடர் திறனாய்வில் நிலைபெற்றது. உயிர் காக்க ஓடியோரிடம் செலவழுங்கல் இல்லை. செல்வதா தங்குவதா என வினவும் ஓய்வை வரலாறு அவர்களுக்கு வழங்கவில்லை. இத்தொடரையே பின்னர்ப் படிப்புக்கும் பணிக்கும் விரும்பிச் சென்றோர் எழுத்துக்கும் விரித்து வழங்குகின்றனர். சொற்பொருள் விரிதல் மொழிக்கு இயல்பே. ஆயின் இவ்விரிவு இரு தீங்குகளை விளைக்கிறது. விரும்பிச் சென்றோரின் ஏக்கம், துரத்தப்பட்டோரின் இழப்போடு ஒரே தரத்தில் வைக்கப்படுகிறது. மேலும், முடிவெடுக்கும் வாய்ப்புப் பெற்றோர் தாம் முடிவெடுத்ததையே மறைத்துக்கொள்ள இச்சொல் உதவுகிறது. தெப்பம் நீரோட்டத்தில் சென்றது என்பது ஆற்றில் விழுந்தோர் கூறத்தக்கது; படகு ஏறியோர் கூறத்தக்கதன்று.

இம்மூன்றையும் ஒருசேரப் பாலை எனப் பெயரிடும் திறனாய்வு, நான்காவதான தங்குதலை அறவே விட்டுவிடுகிறது. தங்கியோரின் எழுத்து வட்டார இலக்கியம் எனப் பெயர் பெறுகிறது. அவர்கள் எண்ணித் தங்கினரா, வாய்ப்பின்றித் தங்கினரா, ஒருவர் சென்றமையால் மற்றொருவர் தங்க நேர்ந்ததா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் கடல்கடந்து செல்ல, முதிய பெற்றோரோடு ஊரில் இருந்துவிடும் மற்றவரின் கதையில் செலவு இல்லை என்பதால் அதில் நிகழ்ச்சியே இல்லை எனக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். செலவழுங்கல் பாட்டுகளுள் ஒத்திவைத்தலைக் கூறுவனவும், முடிவின்றி நிற்பனவும், செலவை முற்றக் கைவிடுவனவும் உள. கற்பியல் நூற்பாவை அனைத்தின்மேலும் ஏற்றுதல் பொருந்தாது. இரண்டாவது, சூழ்தலும் ஆண்மையும் செல்வோர்க்கே உரியனவாகப் பாடப்படவில்லை; தங்குவோரும் முடிவின் ஒரு தரப்பாக நிற்கின்றனர். மூன்றாவது, கால எல்லையுள்ள பிரிவு, துரத்தப்பட்ட பெயர்வு, விரும்பி மேற்கொண்ட பெயர்வு ஆகியவற்றை ஒரு சொல்லால் குறிப்பது திறனாய்வுக்கு ஊறு செய்யும்.

சான்றோர் பாட்டுகள் தங்கு என்றோ செல் என்றோ நமக்கு ஆணையிடவில்லை. தேய்புரிப் பழங்கயிற்றினாரின் நற்றிணைப் பாட்டில் (284) பாதி வழியில் நிற்கும் தலைவனை, திரும்புக என நெஞ்சும், எடுத்த வினையை முடிக்காது மீளல் இழிவு என அறிவும் இழுக்கின்றன. இரு யானைகள் பற்றி இழுத்த தேய்ந்த பழங்கயிறு போல அழியுமோ என் உடல் என அவன் வினவுகிறான். இருபுறமும் யானைகளே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஒருபுறத்தை எளிதாக்கிக் காட்டும் எந்த வாதமும் அப்பாட்டின் முன் நில்லாது.

விடைபெறும்போது போகிறேன் எனக் கூறுவதைத் தமிழர் இன்றும் தவிர்க்கின்றனர்; போய் வருகிறேன் என்பதே முறை. செல்லும் வினையை எச்சமாக்கி, மீளும் வினையை முற்றாக்கும் தொடர் அது. ஊரைவிட்டு நீங்கும் ஒவ்வொருவரும் வாயிலில் நின்று இத்தொடரையே கூறுகின்றனர். இத்தொடரின் முற்று உண்மையாகுமா என்பதை, கூறுவோரும் கேட்போரும் வாயிலுக்கு வருமுன்னரே ஒன்றாக அமர்ந்து உசாவியிருத்தல் வேண்டும். செலவழுங்கல் என்னும் துறை நமக்கு விட்டுச் சென்ற பாடம் அதுவேயாகும்.